பனியில் விரித்த வெள்ளைத் துணி

விமானம் ஏன் இவ்வளவு தாழ இறங்குகிறது? பீரங்கிப் படையின் தந்தியாளர் ஆன்செல்முக்கு அன்று காலை விடை தெரியவில்லை.

முதல் உலகப் போருக்கு முன் அவர் பிரான்சின் லிமோஷ் தபால் நிலையத்தில் தந்தி அடித்தவர். இப்போது வெர்தனுக்கு அருகில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு வானத்தைக் கேட்பது வேலை. விமானத்தின் பின்னிருக்கையிலிருந்து லெப்டினென்ட் வோத்தியே குண்டு விழுந்த இடத்தைக் கம்பியில்லாத் தந்தியில் சொல்வார். தரையிலிருந்து அவருக்குத் தந்தி போகாது. நீளமான வெள்ளைத் துணிகளை விரித்துத்தான் பதில் காட்ட வேண்டும்.

"சலவைக்காரரே, துணி காஞ்சிடுச்சா?" என்று பீரங்கிக்காரன் பர்னபே தினமும் சீண்டுவான்.

"உன் சட்டையையும் கொடு, சேர்த்துக் காயப்போடறேன்" என்பார் ஆன்செல்ம்.

இரவெல்லாம் பனி கொட்டி, விடியலில் வானம் தெளிந்திருந்தது. வழக்கமான இடத்தில், வழக்கம்போல, 'தயார்' என்ற அடையாளத்தை அவர் விரித்துவிட்டுப் பதுங்குகுழிக்குத் திரும்பினார்.

"என்னய்யா சொல்றாரு?" என்றார் கேப்டன்.

"'தயாரா'ன்னு திரும்பவும் கேக்குறாருங்க."

"நாலு தடவை கேட்டாச்சு. அவருக்குக் கண்ணு தெரியலையா? நேத்து அடிச்ச இடத்துலயே அடிங்க."

அந்த நேரத்தில்தான் விமானம் மரங்களை உரசுவதுபோல் இறங்கி, பீரங்கிகளுக்கு முன்னால் திரும்பியது. முதல் குண்டு போனது. இரண்டாவது குண்டு விமானத்தைத் தாண்டிப் போகவில்லை; அதன் மேலேயே வெடித்தது.

காதுக் கருவியில் பாதி எழுத்தோடு சத்தம் நின்றது. ஆன்செல்ம் வெளியே ஓடி வந்தார். பர்னபே துணி விரிக்கும் வயலின் நடுவில் நின்றிருந்தான். பனியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"துணியை எங்கப்பா விரிச்சே?" என்றான்.

அவன் பூட்ஸ் அந்தத் துணியின் மேல்தான் இருந்தது.

பனியின் மேல் தெரியும்படி விரிப்பதற்கான கறுப்புத் துணி பெட்டியின் அடியில் மடித்தபடி இருந்தது. பழகிய கை மேலே இருந்ததை எடுத்துவிட்டது. ஆன்செல்ம் கேப்டனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"எதிரி சுட்டான்னு எழுதியாச்சு. போய் வேலையைப் பாரு."

காகிதத்தில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. ஆன்செல்ம் மட்டும், போர் முடிந்து தபால் நிலையத்துக்குத் திரும்பிய பிறகும், கேட்டவர்களிடமெல்லாம் "என் கைதான்" என்றார்.

நீங்களும் இதை யாருக்காவது சொல்லுங்கள். சொல்லும்போது, பெட்டியில் கறுப்புத் துணி இருந்ததை விட்டுவிடாதீர்கள்.