டொக்டர் சொன்னதை நான் சொல்லவில்லை

சுனாமி அடித்து இரண்டு மாதம் கடந்திருந்த நேரம். களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையை அகதி முகாமாக்கியிருந்தார்கள். அங்கே நான் மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஆங்கிலம் படிப்பிக்கிற வாத்தி. வகுப்பறைகளில் சனம் படுத்திருந்ததால் படிப்பு இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் உதவிக் குழுவுக்கு இரண்டு மொழியும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் குழுவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். மருந்து எழுதுகிறவர் அல்ல, கதைத்துக் குணப்படுத்துகிறவர். சனம் அவரையும் டொக்டர் என்றுதான் சொல்லும். ஒரு வகுப்பறையின் மூலையில் இரண்டு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு மறைப்பாக்கியிருந்தோம். உள்ளே மூன்று கதிரை. ஒன்று டொக்டருக்கு, ஒன்று வருகிறவருக்கு, ஒன்று எனக்கு. சேலைக்கு அந்தப் பக்கம் நீள வாங்கில் குந்தியபடி அடுத்த ஆட்கள் காத்திருப்பார்கள். அவர்கள் இருமுவதுகூட உள்ளே கேட்கும். உள்ளே கதைப்பது வெளியே கேட்காமலா இருக்கும்?

ஒரு நாள் காலையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். கரையோரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். கடலடித்து வீடும் கடையும் போய், வாவிக்கு அந்தப் பக்கம் மண்டூரில் தங்கச்சி வீட்டில் இருப்பதாகச் சொன்னார். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை என்றார். டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்க, நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் டொக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார். குரல் தாழ்ந்து போயிற்று.

"நானும் அவனும் பன்னிரண்டு வருசம் ஒரே வீட்டில இருந்தம், தம்பி. ஊருக்குக் கூட்டாளிமார். எங்களுக்குள்ள அப்பிடி இல்ல. புருசன் பொஞ்சாதி எப்பிடியோ அப்பிடித்தான் இருந்தம்."

நான் சேலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை.

"மூணாம் நாள் தாழம்பத்தைக்குள்ள கிடந்தான். நான்தான் கண்டெடுத்துத் தூக்கிக்கொண்டு வந்த. மறுகா அவன்ட அண்ணன்மார் வந்து வாங்கிற்றாங்க. வெளியாக்கள் தள்ளி நில்லுங்க எண்டாங்க. நான் தள்ளி நிண்டன். முப்பத்தோராம் நாள் கிரியைக்கும் எனக்குச் சொல்லல்ல."

டொக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "இவருடைய நெருங்கிய நண்பர் இறந்துவிட்டார். இருவரும் சேர்ந்து கடை நடத்தினார்கள்."

அவ்வளவுதான் சொன்னேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். நானும் அவரைப் போன்றவன்தான். அது எனக்குப் பதினாறு வயதிலேயே தெரியும். ஒருவரிடமும் சொன்னதில்லை. எங்களைப் போன்றவர்களைச் சொல்ல எனக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் எல்லாம் சந்தையிலும் வகுப்பின் பின்வாங்கிலும் கேட்ட ஏச்சுச் சொற்கள். அன்று சேலைக்கு அந்தப் பக்கம் என் அம்மாவின் சொந்தக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். அந்தக் கதையை என் வாயால் எடுத்தால் என்னையும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். ஆங்கிலத்தில் சொல்வது அவர்களுக்கு விளங்காது என்பதுகூட அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

டொக்டர் அந்த மனிதரை நெடுநேரம் பார்த்தார். "நண்பர் என்றா சொன்னார்?" என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். டொக்டர் நம்பவில்லை. எத்தனையோ பேருடைய துக்கத்தைக் கேட்டவர். நான் மறைத்ததை அந்த மனிதரின் முகத்திலேயே கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். கதிரையை முன்னுக்கு இழுத்து, அவரை நேரே பார்த்து, ஆறுதலாகச் சொன்னார். ஒவ்வொரு வசனமும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

"வாழ்க்கைத் துணையை இழந்தவருக்கு என்ன துக்கமோ, உங்களுடையதும் அதே துக்கம்தான். அந்த அன்பில் வெட்கப்பட எதுவும் இல்லை. அவருக்காக அழ உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அவரை மறக்க வேண்டியதில்லை."

சொல்லிவிட்டு, இனி நீ சொல் என்பதுபோல என் பக்கம் தலையாட்டினார்.

வாங்கில் யாரோ இருமினார்கள். நான் சொன்னேன்: "நடந்தத மறந்திட்டு நாலு பேரோட பழகட்டாம், அண்ணன். காலம் போகச் சரியாகுமாம்."

அவர் டொக்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ அவ்வளவு நேரம் கதைச்சா. இவ்வளவுதானா சொன்னவ?"

"ஓம் அண்ணன். அவ்வளவுதான்."

டொக்டரைக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. அந்தச் சைக்கிள் கடைக்காரர் வந்தாரா என்று டொக்டர் இரண்டு தரம் கேட்டார். கொஞ்ச நாளில் அவருடைய தவணை முடிந்து நாட்டுக்குத் திரும்பிவிட்டார். குருமண்வெளித் துறையில் 'பாதை' ஏறினால் வாவியைக் கடந்து மண்டூர். எங்கள் ஆட்கள் அந்த மிதவையைப் பாதை என்றுதான் சொல்வோம். கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் அதில் போகிற நான், அதன் பிறகு ஏறவே இல்லை. கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்றேன், வேலை என்றேன்.

இரண்டு வருடத்தில் சண்டை மட்டக்களப்புப் பக்கம் வந்தது. வாவியின் அந்தக் கரையான படுவான்கரைச் சனம் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து எங்கள் பக்கம் வந்து கிடந்தது. பிடித்துச் செல்லப்பட்டவர்களில் பலர் திரும்பவில்லை. அம்மா கலியாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "நாடு இப்பிடிக் கிடக்கக்க என்னத்துக்கு அம்மா" என்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஊரே எரிந்துகொண்டிருக்க, அந்த நெருப்புக்குள் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்த அன்று சந்தியில் ஆமிக்காரர் வெடி கொளுத்தினார்கள். போகிற வருகிறவர்களை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். எங்கள் வீடுகளில் கதவைச் சாத்திவிட்டு, கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்தவர்களின் பெயரைச் சொல்லி வாய்க்குள் அழுதார்கள். ஒரு கிழமை கழித்து அம்மா சோறு போட்டபடி கேட்டா:

"மகன், சண்டையும் முடிஞ்சிட்டு. இனி என்ன சாட்டுச் சொல்லப் போறாய்?"

பெண் பார்த்தார்கள். நல்ல பிள்ளை, அவவும் ரீச்சர்தான். பதிவுக்காரரைப் பிடித்துக் கலியாண எழுத்துக்கு நாளும் வைத்துவிட்டார்கள். எனக்கு நித்திரை போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பின்னேரம் கல்லடிப் பாலத்தில் சைக்கிளை நிற்பாட்டிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நினைத்தேன் என்பதை எழுத விருப்பமில்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடிக்க, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் மட்டக்களப்பு டவுனில் இருந்த ஓர் உளவளத்துணையாளரிடம் போனேன். என் வயதை ஒத்த தமிழ்ப் பெண். தலையிடி, நித்திரை இல்லை என்று மட்டும் சொன்னேன். அவ ஒன்றையும் தோண்டவில்லை. மூன்றாவது தரம் போனபோது கேட்டா:

"உங்கட மனசில ஒரு ஆள் இருக்கா? ஆரெண்டாலும் இருக்கட்டும். அந்த ஆளப் பத்திக் கதைப்பமா?"

பெண் என்று சொல்லவில்லை, ஆண் என்றும் சொல்லவில்லை. ஆள் என்று சொன்னா. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு நாளும் சொல்கிற சொல். தமிழில் சொல்லச் சொல் இல்லை என்றுதானே நாலு வருடமாக என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். சொல் எப்போதும் இருந்திருக்கிறது. எனக்குத்தான் வாய் இருக்கவில்லை.

அன்று முதல் தடவையாக ஒரு மனிதருக்கு முன்னால் என்னைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்கவே ஒரு மணித்தியாலம் போயிற்று. கேட்டுவிட்டு அவ சொன்னா, "இது வருத்தமில்ல, நோயில்ல. உங்களில மாத்த வேண்டியது ஒண்டும் இல்ல. சட்டமும் ஊரும் உங்கட பக்கம் இல்ல, அது வேற. அந்தப் பயத்தோட எப்பிடிச் சீவிக்கிறது எண்டுதான் நாம பாக்க வேணும்."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதைத்தானே அந்த வெள்ளைக்கார அம்மா அன்று சொன்னா! ஒரு மனிதருக்குப் போய்ச்சேர வேண்டிய வார்த்தையை நடுவில் நின்று தடுத்துவிட்டு, அதே வார்த்தையை இங்கே நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். விம்மி விம்மி அழுதேன். முகாமில் நடந்ததையும் சொன்னேன்.

"அதுக்கு நான் உங்கள மன்னிக்க ஏலாது. அது என்ட கையில இல்ல," என்றா அவ. அவரைத் தேடிப் போகட்டுமா என்று கேட்டேன். "போறதெண்டா, அவருக்காகவா உங்களுக்காகவா எண்டு முதல்ல யோசிங்க. போனாலும் உடன சொல்லாதீங்க. கேக்க விருப்பமா எண்டு கேளுங்க."

அதை யோசிக்கவே பல கிழமை எடுத்தது. அதற்கிடையில் அம்மாவிடம், "எனக்குக் கலியாணம் வேணாம் அம்மா. அந்தப் பிள்ளைய ஏமாத்த ஏலாது," என்றேன். ஏன் என்று அவ கேட்கவே இல்லை. தெரிந்துதான் கேட்கவில்லையோ என்னவோ. நேரத்துக்குச் சாப்பாடு வைப்பா. முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கதைக்க ஏழெட்டு மாதம் எடுத்தது.

ஒரு சனிக்கிழமை காலை பாதை ஏறினேன். மண்டூரில் இறங்கி விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. துறையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு மருத மரத்துக்குக் கீழே தகரம் போட்டுச் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்டவுடன் அடையாளம் பிடித்தார்.

"முகாமில இருந்த தம்பிதானே?"

பக்கத்தில் ஒருவரும் இல்லை. "அண்ணன், அண்டைக்கு டொக்டர் சொன்னத நான் மாத்திச் சொன்னனான். அவ சொன்னது வேற. கேக்க விருப்பமெண்டா சொல்றன். இல்லாட்டி போயிருவன்," என்றேன்.

கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். "சொல்லுங்க."

சொன்னேன். துணையை இழந்த துக்கம், வெட்கப்பட எதுவும் இல்லை, அழ உரிமை இருக்கிறது, மறக்க வேண்டியதில்லை. ஒரு சொல்லையும் விடவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

மறுபடியும் சொன்னேன்.

"நாங்க ரெண்டு பேரும் ஸ்ரூடியோவில எடுத்த படம் ஒண்டு தங்கச்சி வீட்டுப் பெட்டிக்குள்ள கிடந்த," என்றார். "கடலுக்குத் தப்பினது அது ஒண்டுதான். அத எடுத்துச் சட்டைப் பைக்குள்ளயே கொண்டு திரிஞ்சன். படிச்ச டொக்டரே மறக்கச் சொல்லிட்டா, இனி இத வச்சிருந்து என்ன எண்டு, அண்டைக்கு இந்த வாவியக் கடந்து வரக்குள்ள தண்ணியில விட்டுட்டன், தம்பி. இப்ப அவன்ட முகம் முழுசா நினைவு வருகுதில்ல."

மரத்தடியில் குந்திவிட்டேன். "அண்ணன், நானும் உங்களப் போலத்தான். பயத்தில..." என்று தொடங்கினேன்.

"அது எனக்கு அண்டே தெரியும்," என்றார். "உங்களக் கண்டுதானே வாயத் திறந்தனான். அந்த அம்மாவுக்குச் சொல்லல்ல நான். உங்களுக்குத்தான் சொன்ன."

"கோவமா அண்ணன்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியும் எனக்காகத்தான் கேட்டேன், இப்போது விளங்குகிறது.

"கோவம்தான். நீங்க பயந்ததும் விளங்குது. ஆனாக் கோவம் இருக்கு." டியூபைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "வந்து சொன்னது நல்லம். இனி வராதீங்க, தம்பி. உங்களக் கண்டா எனக்கு அந்தப் படம்தான் நினைவு வரும்."

எழுந்து வந்துவிட்டேன். பாதை நடு வாவிக்கு வந்தபோது தண்ணீரைப் பார்க்கப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அதன் பிறகு நான் அங்கே போகவில்லை. அவருக்காக எனக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

டவுனில் அந்தத் துணையாளரிடம் இன்னும் ஒன்றரை வருடம் போனேன். தனியாகத்தான் சீவிக்கிறேன். என்னைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்று பேர். முன்னரைப் போல என்னைக் கண்டு நானே வெட்கப்படுவதில்லை, அந்த அளவுக்குச் சுகம். சில பொழுதுகளில் மனம், அவர் உன்னை மன்னித்துவிட்டார், அதனால்தான் இரண்டாம் தரம் சொல்லச் சொன்னார் என்று இதமாக எனக்கே மாற்றிச் சொல்லப் பார்க்கும். இல்லை, அவர் அப்படிச் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது என்றுதான் சொன்னார், அதை ஒரு சொல்லும் குறைக்காமல் வைத்திருக்க வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.