‘கெட்’ படித்த அரை மணி நேரங்கள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் ஒரு சமையற்கூடத்தில் வேலை செய்தேன். பின்னேர வேலை. தட்டில் நான் பாணும் வெண்ணெயும் வைக்க, பக்கத்தில் நின்ற சீனப் பெண் சாலட் வைப்பாள். அவள் தன் ஊரில் இரசாயனம் படிப்பித்தவள். இங்கே இருவருக்கும் ஒரே வலைத்தொப்பிதான்.

எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் ஓடும். அது தெரிந்த நாளிலிருந்து அவள் என்னை ‘ரீச்சர்’ ஆக்கிவிட்டாள். சாப்பாட்டுக்கு விடும் அரை மணியில் கொப்பியை விரிப்பாள். அவளை ஆட்டிப்படைத்தது ‘கெட்’ என்ற சொல். பஸ் பிடிப்பதற்கும் அதுதான், தடிமன் பிடிப்பதற்கும் அதுதான். பால் வாங்க, பகிடி விளங்க, கலியாணம் கட்ட, கட்டிலை விட்டு எழும்ப, எல்லாவற்றுக்கும் அதுவேதான். ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கம் போட்டு, எதிரில் சீன எழுத்தில் குறித்துக்கொள்வாள். “பாவம் இந்தச் சொல். எங்களைப் போலத்தான், எல்லா வேலையும் இதன் தலையில்,” என்று ஒருநாள் தன் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் சொன்னாள். வயிறு நோகச் சிரித்தோம். அன்றைக்குப் பதினேழாவது பொருளில் நின்றோம்.

அந்தக் கிழமையே அறிவித்தல் ஒட்டினார்கள். தட்டுகளைச் சரிபார்க்க ஒருவர் வேண்டும், பகல் வேலை, நேர்முகம் ஆங்கிலத்தில். இருவரும் பெயர் கொடுத்தோம். என் முழங்கால் நோவுக்கு அங்கே ஒரு கதிரை இருந்தது. அவளுக்கு மூன்று வயது மகள் இருந்தாள். கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்திலிருந்து பிள்ளையைத் தகப்பன்தான் கூட்டிவருவார். கிழமை முழுக்கத் தான் மகளை நித்திரையில்தான் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

எங்கள் ஆட்களின் மேசையில் ஓர் அக்கா கேட்டார்: “உமக்கென்ன விசரே? அவளுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துப்போட்டு, நீர் இஞ்சையே நிக்கப்போறீரோ?”

அக்காவில் பழி போட மாட்டேன். என் மனதில் கிடந்ததைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். அடுத்த நாள் அவள் கொப்பியோடு வந்தபோது தலையிடி என்றேன். அதற்கடுத்த நாளும் தலையிடி. பிறகு பொய்கூடத் தேவைப்படவில்லை; நேரே எங்கள் ஆட்களோடு போய் இருந்து தமிழில் உரத்துக் கதைத்தேன். அவள் தனியே கொப்பியைப் பார்த்தபடி சாப்பிட்டாள். பத்து நாள் அப்படிப் போனது. எனக்கு இவ்வளவு சின்னப் புத்தியா என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வேலை எனக்குக் கிடைத்தது. நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்குமா என்று தெரியாது. தெரியாமல் இருப்பது ஆறுதலாகவும் இல்லை.

அவள் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “சந்தோஷம், ரீச்சர். நேர்முகத்துக்கு நீங்களும் படிக்க வேண்டும்தானே. அதுதான் நான் தொந்தரவு செய்யவில்லை,” என்றாள். பிறகு, “இனி நேரம் இருக்கும்தானே?” என்று கேட்டாள்.

இருக்கும் என்று தலையாட்டினேன். திங்கட்கிழமையிலிருந்து நான் பகல், அவள் பின்னேரம். அவள் வேலைக்கு வரும்போது நான் வீட்டுக்குப் பஸ் ஏறியிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.