தையற்காரர் ஏன் பஸ் ஏறவில்லை

போன வாரம் பெங்களூர் அல்சூரில் மெட்ரோ தூண் ஒன்றில் ஒருவர் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியது என்பது வாடையிலேயே தெரிந்தது. சுவரொட்டியில் என்ன இருந்தது என்பது நினைவில்லை. வாடை மட்டும் வீடுவரை கூடவே வந்தது. எனக்கு அந்த வாடை என்றால் சரோஜினி.

அவசரப்பட வேண்டாம், காதல் கதை இல்லை. ஐம்பதுகளின் நடுவில், மர்பி டவுனில் நாங்கள் சில பேர் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அதற்கு நிலையான பெயர் கிடையாது. ஆசிரியர் குழுச் சண்டையில் யார் ஜெயித்தாரோ அவர் வைத்த பெயரில் அந்த இதழ் வரும். யார் எழுதிக் கொடுத்தாலும் எல்லாவற்றையும் முத்து முத்தான தன் கையெழுத்தில் படியெடுத்து, தைத்து, பசை தடவி அட்டை ஒட்டுபவள் சரோஜினி. பகலில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆசிரியர் என்று வேறொருவர் பெயர்தான் அட்டையில் இருக்கும். ஆனால் அவள் பேனா தொடாத எதுவும் பத்திரிகையில் வர முடியாது அல்லவா?

இதழுக்கு ஒரே பிரதி. அது வீடு வீடாகப் போகும். கடைசியில் சில பக்கங்களை வெறுமையாக விட்டுத் தைப்போம். படித்தவர்கள் கருத்தை அங்கே எழுதி அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கருத்துக்கு, கதையை எழுதியவர் அடுத்த இதழில் பதில் சொல்வார். கருத்தோடு சில சமயம் குழம்புக் கறையும் சேர்ந்து வரும்.

நான் அப்போது மெட்ராஸில் அச்சாகும் ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர் அலுவலகத்தில் நிருபர். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, மூட்டைப்பூச்சிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போய், ரயிலில் வரும் பத்திரிகைக் கட்டை இறக்குவதும் நிருபர் வேலைதான். அங்கேதான் தேவகி அக்காவைப் பார்ப்பேன். எங்கள் தெருக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிளாட்பாரக் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, ஒரு பொட்டலம் வேர்க்கடலை. உரித்த தோலைக் கீழே போடாமல் பொட்டலத்திலேயே சேர்ப்பார். யாரையும் வழியனுப்பியதில்லை, யாரையும் எதிர்கொண்டு அழைத்ததுமில்லை. ரயில் புறப்பட்டதும் எழுந்து போய்விடுவார்.

"பேப்பர் வந்துச்சா தம்பி?"

"வந்துச்சுக்கா."

எங்கள் பேச்சு அவ்வளவுதான். ஆனால் எனக்கு உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. கதை எழுதிவிட்டேன். என் முதல் கதை. அதன் முதல் வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது: 'கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நர்ஸ் ஒருவர் காரணமின்றி அமர்ந்திருக்கிறார்.'

சரோஜினி படித்துவிட்டு நிமிர்ந்தாள். "கடைசி பாரா எதுக்கு எழுதினே? மொதல் வரிலயே எல்லாம் சொல்லிட்டியே."

முக்கியமானதை முதலில் சொல்ல வேண்டும், இடம் போதாவிட்டால் கடைசிப் பாராவை வெட்டலாம் என்று பத்திரிகைத் தொழில் ரகசியத்தை விளக்கினேன்.

"அப்ப வெட்டிடலாமா? சரி, அது போவட்டும். இது தேவகி அக்காதானே?"

"பேரு போடலையே."

"மூஞ்சி போட்டுக்கீறியே! வேர்க்கடலை கூட விடல. அவங்க அண்ணன் நம்ம பத்திரிகைய சத்தமாப் படிப்பாரு, வீடே குந்திக்கினு கேக்கும். ஞாயித்துக்கெழமை டூட்டின்னு சொல்லிட்டுத்தான் அக்கா கெளம்புது. இது தெரிஞ்சா அந்த மனுசன் வேலைக்கே அனுப்ப மாட்டாரு."

டூட்டி விவரம் எனக்குத் தெரியாது. அந்த அண்ணனைத் தெரியும். மில்லில் மேஸ்திரி, தங்கை வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பவர்.

"நடந்ததைத்தானே எழுதினேன்?"

"நடந்ததுன்னா பேப்பர்ல போடு, ரிப்போர்ட்டர் சார். இங்க இன்னாத்துக்கு எடுத்தாந்தே?"

சேலையை நீலமாக்கிக் கொண்டுபோனேன். "நீலச் சேலைல தேவகி அக்கா" என்றாள். சம்பவத்தை சிட்டி ஸ்டேஷனுக்கு மாற்றினேன். "சிட்டி ஸ்டேஷன்ல தேவகி அக்கா. பாவம், ரொம்ப தூரம் நடக்க வெச்சிட்டே."

கோபத்தில் நர்ஸ், ஸ்டேஷன், குடை, கடலை எல்லாவற்றையும் எடுத்தெறிந்தேன். புதுக் கதையில் கலாசிபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு ஞாயிறுதோறும் வரும் ஒரு தையற்காரர். வரிசையில் நிற்பார். தன் முறை வந்ததும் விலகிக்கொண்டு, பின்னால் நிற்பவரை ஏற்றிவிடுவார். மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவார்.

சரோஜினி இதை இரண்டு தரம் படித்தாள். "ஏன் ஏறல?"

தாளைத் திருப்பி வாங்கி நானே ஒரு தரம் படித்துப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: தேவகி அக்கா ஏன் வருகிறார் என்பதும் எனக்குத் தெரியாது. குடையும் சேலையும் கடலைத்தோலும் வரிசையாக வந்ததில், தெரிந்த மாதிரி இருந்திருக்கிறது. செய்தியில் 'காரணம் தெரியவில்லை' என்று முடித்துவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

பழைய காதலி ஊருக்குப் போய்விட்டாள் என்று காரணம் எழுதினேன். "சினிமா" என்றாள். கடன்காரருக்குப் பயந்து என்றேன். நான் குடித்து வைத்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கடைசியில் ஒரு நாள், எங்கள் ஒற்றை அறை வீட்டில் ஏழு பேருக்கு நடுவே உட்கார்ந்து எழுதும்போது அது தானாக வந்தது. வரிசையில் நிற்கிறவனை யாரும் 'ஏன் நிற்கிறாய்' என்று கேட்பதில்லை. தையற்காரருக்கு அப்படி ஓர் இடம் வேண்டியிருந்தது. சரோஜினி படித்துவிட்டுப் படியெடுக்க ஆரம்பித்தாள்.

பிரதி தேவகி அக்கா வீட்டில் இருந்த நாட்களில், தெருமுனையில் அவர் அண்ணனைக் கண்டால் சந்துக்குள் நுழைந்தேன். பிரதி திரும்பி வந்தபோது நானும் சரோஜினியும் நேராகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினோம்.

அண்ணன் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: 'கதை நன்று. ஆனால் தையற்காரர் சோம்பேறி.' சரோஜினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கீழே, சிறிய எழுத்தில் இன்னொரு கருத்து: 'தையற்காரர் வீட்டுக்குத் திரும்பியதும், இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லையா? அவர் என்ன பதில் சொன்னார்? கதாசிரியர் அதை எழுதாமல் விட்டுவிட்டார். தே.'

சரோஜினி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அடுத்த ஞாயிறு ஸ்டேஷனுக்குப் போனேன். பெஞ்ச், குடை, கடலை, எல்லாம் அப்படியே இருந்தன.

"பேப்பர் வந்துச்சா தம்பி?"

"வந்துச்சுக்கா."

கேள்வி கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன், கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கருத்துக்குப் பதில் எழுத நிறைய முயன்றேன். தையற்காரரை வாசல்வரை கொண்டுவந்துவிடுவேன். கதவு திறந்ததும் அவர் வாயைத் திறக்கமாட்டார். அதற்குள் சரோஜினி கல்யாணமாகி ஜாம்ஷெட்பூர் போய்விட்டாள். அவளைப் போல எழுத யாருக்கும் வரவில்லை. அடுத்த இதழ் வரவேயில்லை. தேவகி அக்கா குடும்பம் அறுபதுகளில் வீடு மாறியது. பத்திரிகைக் கட்டு ரயிலில் வருவதும் நின்றது. பெஞ்ச் இருந்த இடத்தில் இப்போது வேறு என்னவோ இருக்கிறது.

அதற்குப் பிறகு என் கதைகள் அச்சில் நிறைய வந்துவிட்டன. புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் கருத்துக்கான வெற்றுப் பக்கங்களைத் தேடிக் கடைசியைப் புரட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. கதை முடிகிறது, உடனே அட்டை வந்துவிடுகிறது.