பெயர் வெட்டிய தூக்குப்போசி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஒகேனக்கல்லில் என் கடைப் பலகையில் ‘மீன் வறுவல் கிடைக்கும்’ என்ற ஒரே வரிதான். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால் மகளின் பழைய நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். முதலில் இதை என் மனைவி படிக்க வேண்டும். அவள் எட்டாவது வரை படித்தவள். பிறகு யார் படித்தாலும் சரி.

எங்கள் சமையலறைப் பரணில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி, அதாவது தூக்குவாளி, கவிழ்த்து வைத்திருக்கிறது. இரண்டு படி பிடிக்கும். ஒரு பக்கம் உள்ளே நசுங்கியிருக்கிறது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக என் மனைவியின் பெயர் வெட்டியிருக்கிறது. பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் பாத்திரங்களில் அவள் பெயரை வெட்டித் தருவது எங்கள் பக்கத்து வழக்கம். விசேஷ வீட்டில் பாத்திரம் மாறிப்போகாது. அந்தப் பெயரின் மேல் கல்லை வைத்துத் தேய்த்த கீறல்கள் இருக்கின்றன. தேய்த்தது அவளேதான். புள்ளிகள் ஆழமானவை. பெயர் போகவில்லை.

அந்தப் போசியைச் சீராகக் கொடுத்தவர் அவளுடைய அண்ணன், என் மச்சான். காரிமங்கலத்தைச் சுற்றி எந்தக் கல்யாணம் என்றாலும் அவர் சமையல்தான். மூன்று வருடத்துக்கு முன்பு, தருமபுரியிலிருந்து காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஆட்களைக் கூட்டிப்போகும் ஒருவர் ஓமன் நாட்டுக்கு ஆறு நாள் சுற்றுலா ஏற்பாடு செய்தார். பதினெட்டுப் பேர். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், கடைக்காரர்கள், அவர்கள் வீட்டம்மாக்கள். எந்தத் தேசத்துக்குப் போனாலும் மதியம் சாம்பார் சோறு வேண்டும் என்பவர்கள். அதனால் மச்சானும் கூடப் போக வேண்டியிருந்தது. அவருடைய கையாளுக்குப் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் இருந்தது. ஒரு காலத்தில் கட்டட வேலைக்குப் போகலாமென்று எடுத்து, போகப் பயந்து பெட்டியில் போட்டு வைத்தது. “வா மாப்ள, பரிசல் ஓட்டுனவன் ஏரோப்ளேன்ல ஏறுனா ஒன்னும் முழுகிப் போயிராது” என்று கூட்டிக்கொண்டு போனார். கிளம்பும் அன்று என் மனைவி அந்தப் போசி நிறையப் புளிக்காய்ச்சல் கிண்டிக் கொடுத்தாள். “போசி பத்திரம்ணா” என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான்.

நாங்கள் அந்த நாட்டைப் பார்த்தது சமையல் வண்டியின் பின்கதவு வழியாகத்தான். முதல் நாள் பளிங்கு பதித்த பெரிய மசூதி. எல்லோரும் உள்ளே போனார்கள். நாங்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம். வழிகாட்டி அந்த ஊர்க்காரர். வெள்ளை அங்கி, பூவேலை செய்த தொப்பி, நரைத்த தாடி. ஏதோ கடையில் மலையாளத்து ஆட்களோடு வேலை செய்தவராம். உடைந்த மலையாளம் பேசுவார். எனக்குப் பாதி புரியும். இரண்டாம் நாள் ஒரு கோட்டைக்கு எங்களையும் உள்ளே வரச் சொன்னார். வாசலுக்கு மேலே இருந்த ஓட்டையைக் காட்டி, எதிரி வந்தால் கொதிக்கும் பேரீச்சம்பழப் பாகை இதன் வழியாக ஊற்றுவார்கள் என்றார். மச்சான் என் காதில், “பாகு எதுக்கு? நேத்து நீ வச்ச ரசத்த ஊத்தியிருந்தா அப்பவே ஓடியிருப்பானுங்க” என்றார். நான்காம் நாள் பாலைவனத்தில் கூடாரம். இட்லி மாவில் மணல் விழுந்துவிட்டது. ஒரு வாத்தியார் வாயை அசைத்துவிட்டு, “என்னப்பா, நறநறங்குது?” என்றார். “ரவை இட்லிங்க ஐயா” என்றார் மச்சான், முகம் மாறாமல். அவருக்கு என்னைச் சிரிக்க வைப்பதும் பேச வைப்பதும்தான் அந்த ஆறு நாளும் வேலை. “நீ வாயத் தொறந்தா கவருமெண்டுல வரி போடுவாங்களா மாப்ள?” என்பார். நான் சிரிப்பேன். மறுபடி வெங்காயம் உரிப்பேன்.

ஐந்தாம் நாள் இரண்டு பெரிய மலைகளுக்கு நடுவே ஒரு ஓடைக்குப் போனோம். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவே பச்சைத் தண்ணீர், ஓரத்தில் பேரீச்ச மரங்கள். எங்கள் ஊரில் பரிசல் போகும் பாறை இடுக்கு மாதிரியே இருந்தது. பத்தொன்பது வயதிலிருந்து முப்பத்தைந்து வரை நான் பரிசல் தள்ளியவன். அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ, பேச ஆரம்பித்துவிட்டேன். சுழல் எங்கே இருக்கும், பாறைக்கு அடியில் தண்ணீர் எப்படி இழுக்கும், எல்லாம் சொன்னேன். மச்சான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “அட, உனக்கு வாயி ஆத்துலதான் இருக்குதா! இது தெரியாம நாலு நாளா தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேனே” என்றார். அன்று மதியம் புளிச்சோறு. போசி காலியாகிவிட்டது. நான்தான் அதைக் கழுவி, நடு ஓடையில் ஒரு பாறையின் மேல் காயக் கவிழ்த்து வைத்தேன்.

மற்ற பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் விரல்களுக்கு நடுவே சருகு ஓடியது. நிமிர்ந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீர் டீ நிறமாக மாறிக்கொண்டிருந்தது. சேற்று வாசம். ஓரமாக நுரை. எங்களுக்கு மேலே வானம் வெள்ளையாக, வெயிலோடு இருந்தது. ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. “மேல மழைங்க மச்சான்” என்றேன். “அப்ப போயி அந்த ஆள்கிட்ட சொல்லு” என்றார். வழிகாட்டி மர நிழலில் எல்லோரையும் உட்கார வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பதினெட்டுப் பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே ஈரக் கையோடு போய் நின்று, எந்தப் பாஷையில் என்ன சொல்வது? “கதைய முடிக்கட்டுங்க” என்றேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைத்தான் நான் எழுத வந்தேன். எங்கள் காவிரியில் வெள்ளம் திடீரென்று வந்து விழாது. கர்நாடகாவில் அணையைத் திறந்தால் முன்னாலேயே தகவல் வந்துவிடும். முதலில் நிறம் மாறும். பிறகு சருகும் நுரையும் வரும். அதற்குப் பிறகு பாறைகள் ஒவ்வொன்றாக முழுகும். பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையேறி, கடையில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் பாதிப் பாறை வெளியே தெரியும். எல்லா ஆறும் இப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். அந்த ஓடையில் அடையாளங்களைச் சரியாகத்தான் படித்தேன். நேரத்தை மட்டும் என் ஊர் ஆற்றை வைத்துக் கணக்குப் போட்டேன்.

சிறிது நேரத்தில் வழிகாட்டியே தண்ணீரைப் பார்த்துவிட்டார். விசில் ஊதினார். அதுவரை நிதானமாக நடந்த மனிதர் ஒரு வயதான அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். “ஒன்னும் எடுக்கண்டா, ஒன்னும் எடுக்கண்டா” என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். ஒன்றும் எடுக்காதே என்று அர்த்தம். நாங்கள் கையிலிருந்த அடுப்பையும் குண்டானையும் விடாமல் மேலே ஏறினோம். ஏறி நின்று திரும்பினால், நடு ஓடையில் போசி வெயிலில் பளபளத்தது.

“ஐயோ, தங்கச்சி போசி” என்றார் மச்சான். தண்ணீர் அப்போது கணுக்கால் அளவுதான் கூடியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். “நீ ஆத்துக்காரன், சொல்லு மாப்ள. நேரம் இருக்குதா?”

“இருக்குதுங்க மச்சான். போயிட்டு வாங்க. எப்படியும் ஒரு மணி நேரமாவது ஆகும்.”

என் வாழ்நாளில் ஒரு கேள்விக்குத் தயங்காமல் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. வழிகாட்டி அந்தப் பக்கம் ஆட்களை மேலே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். மச்சான் லுங்கியை மடித்துக் கட்டினார். “வர்றதுக்குள்ள டீயப் போடு” என்று சொல்லி இறங்கினார். பாறைக்குப் போய், போசியை எடுத்து, எனக்குத் தெரிய வேண்டும் என்று கையை உயர்த்திக் காட்டினார். அப்போது லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வந்தது. ஓடி வரவில்லை, ஒரு சுவர் நகர்ந்து வருவது மாதிரி வந்தது, கல்லும் மரமுமாக. அவர் தலையைத் திருப்பியது தெரிந்தது. பிறகு பாறையே இல்லை. நான் கத்தினேனா என்றால், இல்லை. வாய் திறந்திருந்தது.

அந்த ஊர்க்காரர்கள் கயிறும் கம்பும் எடுத்துக்கொண்டு வந்து தேடினார்கள். மறுநாள் மதியம், வெகுதூரத்தில், மரங்கள் மாட்டியிருந்த இடத்தில் கிடைத்தார். தூக்கியவர்களில் வழிகாட்டியும் ஒருவர். என்னிடம் வந்து, “எந்தினு இறங்கி?” என்று கேட்டார். எதற்காக இறங்கினார்? தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவர் தன் நெஞ்சில் கையை வைத்து, தலைகளை எண்ணாமல் விட்டது தன் தவறு என்று சொல்லி அழுதார். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கிளம்பும்போது தன் தலைத்துணியில் சுற்றி ஒன்றைக் கொடுத்தார். ஏதோ மர வேரில் சிக்கிக் கிடந்த போசி. கழுவித் துடைத்திருந்தார்.

மச்சானைக் கிடத்திய பெட்டியோடு காரிமங்கலம் வந்து இறங்கியபோது என் மாமியார் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “கூடத்தான இருந்தீங்க, எப்படி உட்டீங்க?” என்றார். சுற்றிலும் ஊரே நின்றது. “போவாதீங்கன்னு கத்துனேங்க. போசிய எடுக்கணும்னு கேக்காம எறங்கிட்டாரு” என்றேன். ஒரு கேள்விக்கு எனக்கு உடனே வாய் வந்த இரண்டாவது தடவை அது. மச்சான் இருந்திருந்தால் சிரித்திருப்பார். என் மனைவி பெட்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “எம் பேரு வெட்டுன போசிக்கா எங்கண்ணன் போனான்?” என்றாள். நான் குனிந்து பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினேன்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு மதியம் கிணற்றடியில் உட்கார்ந்து, கல்லை வைத்து அந்தப் பெயரைத் தேய்த்தாள். விரலில் ரத்தம் வரும்வரை தேய்த்தாள். நான் வாசலில் நின்றேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். இன்னும் நாலு நாள் போகட்டும் என்று நினைத்தேன். நாலு நாள் மூன்று வருடமாகிவிட்டது. இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. போன வாரம் தருமபுரியில் பாத்திரக்கடைக்குப் போனோம். கடைக்காரர் மெஷினைக் கையில் எடுத்து, “பொண்ணு பேரு சொல்லுங்கம்மா, வெட்டிரலாம்” என்றார். என் மனைவி குடத்தைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். “பேரே வேண்டாம். எம் பொண்ணு பேரால யாரும் சாவ வேண்டாம்” என்று கத்தினாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

உன் பெயரால் உன் அண்ணன் சாகவில்லை. பாத்திரத்தாலும் சாகவில்லை. போகலாமா என்று என்னைக் கேட்டார். போகச் சொன்னது நான். அந்த வழிகாட்டிக்கும் ஒரு கடிதம் போட வேண்டும். முகவரி என்னிடம் இல்லை.

இன்று வருடத்திலேயே அதிகக் கூட்டம் வரும் நாள். என் கடை மூடியிருக்கிறது. மனைவியும் மகளும் ஆடிக்குக் காரிமங்கலம் போயிருக்கிறார்கள். காலையிலிருந்து எழுதுகிறேன். இப்போது பரணில் ஏறிப் போசியை இறக்கி, தூசி துடைத்து, அவள் கண்ணில் முதலில் படுகிற மாதிரி அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். நோட்டைச் சுருட்டி உள்ளே வைத்துப் பார்த்தேன்; பக்கம் நசுங்கியிருப்பதால் மூடி மூடவில்லை. திறந்தபடியே இருக்கட்டும். மேலே அவள் பெயர் கீறலோடு தெரிகிறது. அவளிடம் கொடுக்காமல் மறுபடி பரணில் ஏற்றிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம், கல்யாணம் முடியட்டும், நேரம் இருக்கிறது என்று.

தெருமுனையில் பஸ் நிற்கும் சத்தம் கேட்கிறது. நேரம் இல்லை.

ஆடி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.