கொள்ளிப் பட்டன்

என்ர மனிசிக்கு இப்ப ஒரு புது விசர் பிடிச்சிருக்கு. ரீவியில ஒரு குற்றத் தொடர் போகுது. அதில ஒரு யூதத் துப்பறியிற பொலிஸ்காரர். நீளக் கோட், நரைச்ச தாடி, எப்பவும் நித்திரை கொள்ளாத முகம். தான் முதல்ல யூதனோ, முதல்ல பொலிஸோ எண்டதுதான் அவருக்குப் பிரச்சினை. கொலைகாரனைப் பிடிக்கிறதைப் பிறகு பாப்பமாம்.

போன ஞாயிறு அவர் ஒரு செத்தவீட்டுக்குப் போறார். தேடப்படுற ஆள் உள்ள நிக்கிறான். செத்தது அவன்ர தகப்பன். அவையளின்ர பிரார்த்தனைக்குப் பத்து ஆம்பிளையள் வேணும், ஒன்பது பேர்தான் இருக்கினம். இவர் பத்தாவது ஆளாய்ப் போய் நிக்கிறதோ, விலங்கை எடுக்கிறதோ? அதை யோசிக்கிறதுக்காக மழைக்குள்ள நிக்கிறார். பக்கத்தில கார் நிக்குது. ஏறி இருந்து யோசிச்சால் என்ன, மூளை வேலை செய்யாதோ? வயலின் வேற அழுகுது.

"பாவம் அந்த மனிசன்," எண்டு மனிசி மூக்கை உறிஞ்சினா.

"மழையில நனைஞ்சு தடிமன் பிடிச்சால் தெரியும் பாவம்," எண்டன்.

"உங்களுக்குக் கல்நெஞ்சு."

நான் ரொறன்ரோவில கனகாலம் துப்பறியிற பொலிஸாய் இருந்து ஓய்வு பெற்றவன். நான் தமிழனோ பொலிஸோ எண்டு என்னை ஒருத்தரும் யோசிக்க விடேல்லை. மற்ற ஆக்களே அதை முடிவு செய்துபோடுவினம். ஸ்ரேசனில "உங்கட ஆக்கள் ஏன் இப்பிடி?" எண்டு கேக்கிறதுக்கு நான். கலியாண வீட்டில நான் போய் இருந்தால் மேசையில கதை நிண்டுபோகும். பிறகு ஒருத்தர் மெல்லக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, "அண்ணை, ஒரு ஸ்பீடிங் டிக்கெற் கிடக்கு," எண்டுவார்.

எனக்கும் ஒரு செத்தவீடு வந்தது. ஸ்காபரோவில ஒரு பெடியன் ஒருத்தன்ர தாடையை உடைச்சுப்போட்டு ஒளிச்சுத் திரிஞ்சான். அந்த நேரம் பாத்து அவன்ர தகப்பன் செத்துப்போனார். ஒரே மகன். கொள்ளி வைக்க அவன் கட்டாயம் வருவான், நீ போய் உள்ள நில், நீ உங்கட ஆள்தானே, ஒருத்தருக்கும் தெரியாது எண்டார் என்ர மேலதிகாரி, சார்ஜன். என்ன மூளை! முழுத் தமிழ்ச் சனத்துக்கும் தெரிஞ்ச ஒரே பொலிஸ்காரன் நான். ஒரு வெள்ளைக்காரனிட்டைப் பூங்கொத்தைக் குடுத்து அனுப்பியிருந்தால் ஒருத்தரும் கணக்கெடுத்திருக்க மாட்டினம். சொன்னன். ஆள் கேக்கேல்லை.

நான் செத்தவீட்டு ஹோலுக்குள்ள காலடி வைக்கவே எல்லாரின்ர போனும் வெளியில வந்திட்டுது. ஒரு அங்கிள் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டே ஆருக்கோ மெசேஜ் அடிச்சார். பொம்பிளையள் தேவாரம் பாடி முடிச்சினம். மகன் வரேல்லை.

பெட்டியை எரிக்கிற இடத்துக்குக் கொண்டு போயாச்சு. இந்த ஊரில கொள்ளி எண்டால் சுவரில ஒரு பட்டன், அவ்வளவுதான். ஆனா அதை உரித்துக்காரன் அமத்த வேணும். இல்லாட்டி செத்த மனிசனுக்கு ஒருத்தரும் இல்லை எண்டு ஆகிப்போகும். அடுத்த பெட்டி வெளியில காத்துக்கொண்டு நிண்டது. அங்க வேலை செய்யிறவர் மணிக்கூட்டைப் பாத்தார். "ஆர் வைக்கிறது?" எண்டு குருக்கள் கேட்டார். சகோதரங்கள் ஒருத்தரும் இந்த நாட்டில இல்லை. தாய் தகப்பன் உயிரோட இருக்கிறவன் இன்னொருத்தருக்குக் கொள்ளி வைக்க மாட்டான். அண்டைக்கு, தாய் தகப்பன் இல்லாதவனும் இருக்கிற மாதிரித்தான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான்.

செத்தவரின்ர பெண்சாதி எழும்பி நேர என்னட்டை வந்தா. அழேல்லை.

"தம்பி, உமக்குத் தாய் தகப்பன் இருக்கினமோ?"

"இல்லை அன்ரி. ரெண்டு பேரும் போயிட்டினம்."

"உம்மைக் கண்டுதான் என்ர பிள்ளை வரேல்லை. அப்ப நீரே வையும்."

சார்ஜன்ர கழுத்தை நெரிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. வெக்கமாயும் இருந்தது. மழையுமில்லை, வயலினுமில்லை, யோசிக்க நேரமுமில்லை. கோட்டைக் கழட்டினன். ஆரோ தோளில சால்வையைப் போட்டுவிட்டினம். பட்டனை அமத்தினன். உள்ள நெருப்புப் பிடிக்கிற சத்தம் கேட்டது. என்ர அப்பாவுக்கும் அதே சத்தம்தான்.

மகனைப் பிறகு பிறம்ரனில ஒரு வெயர்ஹவுஸில வேற பொலிஸ்காரர் பிடிச்சினம். சார்ஜன் எனக்குக் கை தந்து, நல்ல வேலை செய்தாய் எண்டார். எந்த வேலையைச் சொன்னாரோ தெரியாது.

கொள்ளி வைச்சவன்தான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய வேணும், வருசா வருசம் திவசமும் செய்ய வேணும். உதெல்லாம் எந்தத் தொடரில காட்டுவினம்? விலங்கைப் போட்ட கையோட அவையளுக்குக் கதை முடிஞ்சுது. எனக்கு அன்ரி போன் எடுப்பா: "தம்பி, வாற கிழமை. மரக்கறி வாங்கியாச்சு." நான் ரூஜில இருக்கிற என்ர வீட்டில இருந்து காரை எடுத்துக்கொண்டு போவன். மனிசி அண்டைக்கு எனக்கு வேட்டி எடுத்து வைப்பா. பாவம் எண்டு சொன்னதில்லை.

மகன் சிறையில மறியல் முடிஞ்சு வந்து இப்ப தாயோடதான் இருக்கிறான். அவன் வந்த வருசம், திவசத்தில என்ர விரலில இருந்த தர்ப்பையைக் கழட்டி அவனிட்டை நீட்டினன். பிள்ளை வந்திட்டுது, இனி அவரே செய்யலாம் எண்டு குருக்களும் சொன்னார். தாய் அவன்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டா.

"வேண்டாம் அண்ணை," எண்டான். "நீங்கள்தானே வைச்சனீங்கள். நீங்களே செய்யுங்கோ."

சொல்லிப்போட்டுப் போய்ப் படியில குந்தினான். குருக்கள் சொல்லச் சொல்ல, அவன்ர அப்பான்ர பேரை என்ர அப்பா எண்டு நான் திருப்பிச் சொன்னன். அவன் எழும்பாமல் இருந்து முழுக்கக் கேட்டான்.