ஜெஸீமா ராத்தா மெம்பர்தான்

ஜெஸீமா ராத்தா மவுத்தாகிவிட்டார். இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்களாம்... நான் கொழும்பில், மகளின் வீட்டில், கால் வீங்கிப்போய்க் கிடக்கிறேன். முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

காலையிலிருந்து அழுதுகொண்டுதான் இருந்தேன். பின்னேரம் எங்கள் ஊர்ச் சமூக சேவை மன்றத்தின் அனுதாபப் போஸ்ட் ஃபேஸ்புக்கில் வந்தது. அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

"எமது மன்றத்தின் மறைந்த உறுப்பினர் கபூர் அவர்களின் அன்பு மனைவி" என்று போட்டிருக்கிறார்கள்.

மனைவிதான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ராத்தாவும் மன்றத்தின் மெம்பர். முதல் பெண் மெம்பர். எப்படி ஆனார் என்று தெரியாதவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்துச் சில வாரங்கள். கல்முனைப் பக்கம் கூரையோடு நின்ற வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்து மன்றம் கோதுமை மாவும் பருப்பும் பங்கு போட்டது.

சில கெட்டிக்காரர்கள் மூன்று பெயரில் மூன்று தரம் வாங்கிவிட்டார்கள். அதனால் ஒரு சட்டம் வந்தது. குடும்பத்துக்குப் பொறுப்பானவர் நேரில் வந்து பெயர் இடாப்பில் கைநாட்டு வைத்தால்தான் சாமான்.

சரியான சட்டம்தான்... ஆனால் புருஷனைச் சூறாவளிக்குப் பறிகொடுத்து இத்தாவில் இருந்த பெண்கள் எப்படி வருவார்கள்? நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்ட முடியாது. பிற ஆண்கள் முன்னால் வர முடியாது. மன்றத்தில் இருந்ததோ முழுக்க ஆண்கள்.

"இத்தா முடியட்டும், அவங்கட பங்க எடுத்து வெப்பம்" என்றாராம் தலைவர். கெட்ட மனுஷன் இல்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ராத்தா என்னையும் இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். அவருக்கு இருபத்தைந்து வயது, எனக்கு இருபத்திரண்டு. அடுத்தடுத்த வளவு, நடுவில் ஒரே வேலி; எனக்குக் கூடப் பிறக்காத அக்கா.

"அவங்கதான் இத்தா இரிக்காங்க. அவங்கட புள்ளைகள்ர பசியும் இத்தா இரிக்குமா?" என்று கேட்டார். "இடாப்பத் தாங்க, மை டப்பியும் தாங்க. நாங்க வீடு வீடாப் போய்க் கைநாட்டு வாங்கிட்டு வாறம்."

செயலாளர் மன்றத்தின் சட்டப் புத்தகமான யாப்பைப் புரட்டினார். மெம்பர் இல்லாதவர் கையில் இடாப்பைக் கொடுக்க முடியாதாம்.

"அப்ப மெம்பராக்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ராத்தா சிரிக்கவில்லை. நேரே போய் மா மூட்டை அடுக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பங்கு நின்றுபோனது... யார் வந்து எழுப்புவது? ஊரான் வீட்டுப் பெண்ணைத் தொட்டு இறக்க அங்கே யாருக்குத் தைரியம் இருந்தது? வெளியே கியூ வேறு சத்தம் போடத் தொடங்கிவிட்டது.

தலைவர், ராத்தாவின் கணவர் கபூர் மச்சான் பக்கம் திரும்பினார். "ஒங்கட பொஞ்சாதிதானே, நீங்க செல்லுங்க."

"நான் வீட்டுல செல்லி ஏலாமத்தான் இஞ்ச வந்து இரிக்கன்" என்றார் மச்சான். தங்கமான மனுஷன்.

அரை மணித்தியாலத்தில் விண்ணப்பப் படிவம் வந்தது. மூட்டை மேல் இருந்தபடியே நிரப்பினார். பிறகு பேனையை என் பக்கம் நீட்டி, "நீயும் ஒப்பம் வை புள்ள" என்றார். இரண்டாவது பெண் மெம்பர் நான்.

மாட்டு வண்டிலில் போனோம். முதல் வீட்டில் கூரையே இல்லை. நாலு பக்கமும் சேலை கட்டி, மூன்று பிள்ளைகளோடு உள்ளே இருந்தார் அந்த மனுஷி.

மாவைக் கண்டு அழுவார் என்று நினைத்தேன். அவர் மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் இரிந்து கதைச்சிட்டுப் போங்ககா" என்று ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டில்காரர் வெளியே இருமி இருமிக் களைத்துப்போனார்.

அன்று இத்தாவில் பெண்கள் இருந்த ஒன்பது வீட்டுக்கும் சாமானை இறக்கினோம். கதைக்க நேரம் போதவில்லை. அதற்காக மட்டும் அடுத்த நாளும் போனோம். அதற்கு இடாப்பு தேவைப்படவில்லை.

பிறகு எங்கள் முதல் மீட்டிங்... அதை நினைத்தால் இந்தக் கோபத்திலும் சிரிப்பு வருகிறது.

"தங்கச்சிமார் வந்திட்டீங்க. இனித் தேத்தண்ணிக்குக் கவலையில்ல" என்றார் தலைவர்.

"ஓம், கவலையில்ல. மெம்பர்மார் எல்லாரும் முற வெச்சி ஊத்துவம். இந்தக் கெழம தலைவர்ர முற" என்றார் ராத்தா.

தலைவர் ஊற்றினார். சீனியை அள்ளிக் கொட்டியிருந்தார், வாயில் வைக்க முடியவில்லை. ராத்தா முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "இன்னொரு கோப்ப தாங்க" என்றார். எண்பதுகளில் சண்டை வந்து நாட்டு நிலைமை கெட்டு மீட்டிங்குகள் நிற்கும்வரை அந்த முறை நடந்தது.

இன்று மன்றத்தின் இப்போதைய செயலாளருக்குக் கோல் எடுத்தேன். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கதைத்தார்.

"மாமி, பழைய இடாப்பெல்லாம் சுனாமியோட போயிட்டு. அவங்க மெம்பரா இருந்ததுக்கு ஏதும் ஆதாரம் இரிக்கா?"

"நான் இரிக்கன் மகன்."

"கேட்டுச் செல்றன் மாமி" என்று வைத்துவிட்டார்.

யாரிடம் கேட்பார்? தலைவர் இல்லை. மச்சான் இல்லை. அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எனக்குத் தெரிய மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான்.

என்னை மன்றத்திலிருந்து ஒருவரும் நீக்கவில்லை. நானும் விலகவில்லை. ஆகவே உறுப்பினர் என்ற முறையில் அறிவித்தலை நானே போடுகிறேன்.

எமது மன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் ஜெஸீமா அவர்கள் இன்று காலமானார். மறைந்த கபூர் அவருடைய கணவர்.

போங்க ராத்தா... அல்லாஹ் ஒங்களப் பொருந்திக்கொள்ளட்டும். மிச்சத்த நான் பாத்துக்கிறன்.