ஒரு லாரி டியூபுக்காக வாங்கிய அடி

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஷிப்ட் ஆட்கள் குடும்பத்தோடு கோதாவரியில் லாஞ்ச் படகுப் பயணம் போகிறோம். எனக்கு முதல் முறை. நீச்சலும் தெரியாது.

அதனால் படகு கவிழ்ந்தால் பிடித்து மிதக்க ஒரு டியூப் வாங்கலாமென்று, இன்று வேலை முடிந்ததும் நேராக ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் பஞ்சர் கடைக்குப் போனேன். வெளியே ஒரே ஒரு பழைய லாரி டியூப் சாய்த்து வைத்திருந்தது. நான் ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் பிடித்தது கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷினில் வேலை செய்யும் முருகேசன்.

"உடுண்ணா, எம் பொண்ணுக்கு வேணும்" என்றான்.

"எம் பொண்டாட்டி மட்டும் மீனாப்பா? நீ உடு!" என்றேன்.

மூக்கில் குத்தினான். முழங்காலில் உதைத்தேன். கம்பெனி கொடுத்த இரும்பு மூக்கு ஷூ காலில் இருந்ததை மறந்துவிட்டேன். அலறியபடியே என் கழுத்தைப் பிடித்துப் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் முக்கினான். தொட்டியெல்லாம் என் மூக்கு ரத்தம்.

கடைக்காரர் டயர் கழற்றும் கம்பியோடு ஓடி வந்து பிரித்துவிட்டார்.

"அறிவில்லியா உங்களுக்கு? ஒட்டவே முடியாத டியூபுன்னு குப்பையில போட வெச்சிருந்தேன்!"

வீட்டுக்கு வந்து பயணச்சீட்டைப் பார்த்தேன். லாஞ்சில் எனக்கும் முருகேசனுக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்.

நடுவில் உட்கார யாராவது வருகிறீர்களா? நீச்சல் தெரிந்திருந்தால் போதும்.